பேச்சற்ற அழைப்பும் காவலர் தட்டும் கதவும்

பொற்கைப் பாண்டியனின் வரலாற்றைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். கீரந்தை என்பான் வெளியூர் செல்லுங்கால், அரசனது காவல் இருக்க அஞ்சவேண்டியதில்லை என்று மனைவியைத் தேற்றிச் சென்றான். அச்சொல்லைக் கேட்க நேர்ந்த பாண்டியன் இரவுதோறும் அவ்வீட்டைக் காத்து வந்தான். ஓரிரவு உள்ளே ஆடவன் குரல் கேட்டது. ஐயுற்ற மன்னன் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவனோ ஊர் திரும்பிய கீரந்தையே. தட்டியது யார் என்று கணவன் தன் மனைவிமேல் ஐயம் கொள்வானே என அஞ்சிய மன்னன், அத்தெருவிலிருந்த எல்லா வீடுகளின் கதவுகளையும் தட்டிவிட்டு அகன்றான். மறுநாள் மக்கள் முறையிட்டபோது, தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை இதனைச் சொல்கிறது.

இக்கதையில் இரண்டு அச்சங்கள் உள்ளன. தட்டாமல் போனால் உள்ளிருப்பவள் உயிருக்கு என்ன நேருமோ என்பது ஒன்று. தட்டியதனாலேயே அவளுக்குத் தீங்கு நேருமோ என்பது மற்றொன்று. நம் காலத்தில் அரசர் நகர்வலம் வருவதில்லை. அவ்விடத்தில் தொலைபேசி மணி ஒலிக்கின்றது. போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் எடுத்துக் கேட்கிறார். மறுமுனையில் ஒரு மூச்சொலி, அல்லது ஒரு பாத்திரம் விழும் ஓசை, அல்லது ஒன்றுமே இல்லை. பின்பு தொடர்பு முறிந்துவிடுகிறது. அந்த அழைப்பை என்ன செய்வது? இவ்வினாவின் வரலாற்றையும், திருவனந்தபுரம் நகருக்கு அதிலுள்ள பங்கினையும் இப்பேச்சில் காண்போம்.

அவசர உதவிக்கென்று தனி எண் ஏற்பட்டதே ஒரு துயரத்தின் விளைவாகும். 1935ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் இலண்டன் நகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அண்டை வீட்டார் தொலைபேசி நிலையத்தை அழைத்தார். அந்நாளில் பணியாளர் எடுத்துப் பேசும்வரை எல்லா அழைப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்க வேண்டும். அவரும் காத்திருந்தார். ஐந்து பெண்கள் மாண்டனர். அந்த அண்டை வீட்டார் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் தொடர்பாக ஆராய்ச்சிக் குழு அமைந்தது. 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் 999 என்னும் எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண்ணிற்கு அழைப்பு வந்தால் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஊதுகுழல் ஒலிக்கும். பணியாளர் மற்ற வேலையை விட்டு அதனை எடுப்பார்.

ஏன் 999? புகை சூழ்ந்த அறையிலும் இருளிலும் சுழல்வட்டின் ஓரத்தைத் தடவி அறிந்து சுழற்றக்கூடிய எண் அது. 111 என்று வைத்திருக்கலாமே என்றால், அக்காலத்துக் கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசினாலே அந்த எண் தானாகச் சுழன்றதுபோல் ஆகிவிடும். மனிதர் அழையாமலே அழைப்பு வந்துவிடும் என்று பொறியாளர் அஞ்சினர். ஆகவே, பேச்சற்ற அழைப்பு என்னும் சிக்கல் அவசர எண் பிறப்பதற்கு முன்பே அதன் வாயிலில் வந்து நின்றது எனலாம். முதல் வாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அவற்றுள் விளையாட்டுக்குச் செய்தவையும் இருந்தன.

பழைய தொலைபேசி முறையில் ஒரு நன்மை இருந்தது. கம்பி வீட்டோடு பிணைந்தது. பணியாளரின் பலகையில் எந்த இணைப்பின் விளக்கு எரிகிறது என்பதைக் கொண்டே எந்த வீடு என்று சொல்லிவிடலாம். அழைத்தவர் பேசாவிடினும் அவருடைய முகவரி பேசியது. தானியங்கி நிலையங்கள் வந்தபின் அந்த முகவரியைத் தேடிப் பிடிக்கத் தனி ஏற்பாடுகள் தேவைப்பட்டன. கைபேசி வந்தபின் முகவரியே மறைந்தது. கைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் உள்ளது என்பது முதலில் தெரியும். அந்த எல்லையிலோ பல நூறு வீடுகள் இருக்கக் கூடும். குரல் இல்லை, முகவரியும் இல்லை என்றால் காவலர் எந்தக் கதவைத் தட்டுவார்? எல்லாக் கதவுகளையும் தட்டுதல் பாண்டியனுக்கு இயன்றது, ரோந்து வண்டிக்கு இயலுமா?

நம் நாட்டில் நெடுங்காலம் போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்று தனித்தனி எண்கள் வழங்கின. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் தில்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டையே உலுக்கியது. 2013இல் நிர்பயா நிதி ஏற்படுத்தப்பட்டது. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், எல்லா அவசரங்களுக்கும் 112 என்னும் ஒரே எண் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய நாடுகள் 1991இல் தமக்குப் பொதுவாக ஏற்றுக்கொண்ட எண்ணும் அதுவே. 2018ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தில் இத்திட்டம் தொடங்கியது. 2019 பிப்ரவரி 19ஆம் நாள் கேரளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட பல மாநிலங்கள் இதில் சேர்ந்தன.

இத்திட்டத்திற்கு வேண்டிய கணிப்பொறி அமைப்பை உருவாக்கும் பொறுப்பு சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையத்திற்கு அளிக்கப்பட்டது. கேரள மாநிலத்தின் 112 அழைப்புகள் வந்து சேரும் இடமும் திருவனந்தபுரத்திலுள்ள போலீஸ் தலைமையகமே. அங்கு ஒருவர் அழைப்பை எடுத்துச் செய்தியைப் பதிவு செய்கிறார். அது உரிய மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்கிறது. அங்கிருந்து அருகிலுள்ள வண்டியின் திரையில் இடமும் செய்தியும் தோன்றுகின்றன. பழைய 100க்கு வரும் அழைப்புகளும் இம்மையத்தையே அடையுமாறு செய்யப்பட்டன. அழைப்பவரின் இருப்பிடத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாயிலாக அறியும் ஏற்பாடும் இதில் அடங்கும். மறைந்துபோன முகவரியை ஓரளவேனும் மீட்டுத் தரும் முயற்சி இது.

ஆயினும் கருவி வளருங்கால் அதன் தொல்லையும் வளர்கிறது. 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் ஆபத்துப் பொத்தான் இருக்கவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. எளிய கைபேசியில் 5 அல்லது 9 என்னும் விசையை நெடிது அழுத்தினாலும், மற்றவற்றில் அணைக்கும் பொத்தானை மும்முறை விரைந்து அழுத்தினாலும் அவசர அழைப்பு செல்ல வழிவகுக்கப்பட்டது. பேச இயலாத பெண்ணுக்கு இது பெருந்துணை. ஆனால் சட்டைப் பையிலுள்ள கைபேசியும், குழந்தை கையிலுள்ள கைபேசியும் அதே அழைப்பைச் செய்துவிடும். பேச்சற்ற அழைப்புகளில் பெரும்பகுதி இவ்வாறு தவறி வருபவையே. இதனை யாரும் மறுப்பதற்கில்லை. எனவே, ஒவ்வொரு மௌனத்தையும் ஆபத்தென்று கொண்டு வண்டி அனுப்பினால், மெய்யான ஆபத்திற்கு வண்டி இல்லாமற் போகும். ஒவ்வொரு மௌனத்தையும் தவறென்று தள்ளினால், பேச இயலாதவர்களே கைவிடப்படுவர்.

பேச இயலாதவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். பக்கவாதத்தால் நாக் குழறி விழுந்த முதியவர் ஒருவர். கள்வன் அடுத்த அறையில் நிற்க, மூச்சை அடக்கியிருப்பவர் ஒருவர். எண்ணை அழுத்தியவுடன் கைபேசி பிடுங்கப்பட்ட மனைவி ஒருத்தி. இம்மூவருடைய அழைப்பும், குழந்தை விளையாடிய அழைப்பும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே மௌனத்தைப் படிக்கும் கலையொன்றைக் காவலர் உலகம் சிறிது சிறிதாகக் கற்க நேர்ந்தது.

அக்கலையின் முதற்பாடம் மீண்டும் அழைத்தல். முறிந்த எண்ணுக்குக் கட்டுப்பாட்டு அறையே திரும்ப அழைக்கிறது. தவறி அழைத்தவர் வெட்கத்தோடு எடுத்து உண்மையைச் சொல்வார். எடுக்காவிடினும், எடுத்தவர் குரல் நடுங்கினாலும், ‘ஒன்றுமில்லை’ என்று வேறொருவர் முந்திக்கொண்டு கூறினாலும், அதுவே ஒரு செய்தி. இரண்டாம் பாடம் பின்னணி ஓசையைக் கேட்டல். மூன்றாம் பாடம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் விடை வரும்படி வினவுதல். 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு பெண் அவசர எண்ணை அழைத்து, பிட்சா என்னும் உணவை வீட்டுக்கு அனுப்புமாறு கேட்டாள். இது தவறான எண் என்று பணியாளர் கூறியும் அவள் விடவில்லை. பணியாளர் சட்டெனப் புரிந்துகொண்டார். அவன் இன்னும் அங்கே இருக்கிறானா என்று கேட்டு, விடை பெற்று, காவலரை ஓசையின்றிச் செல்லுமாறு பணித்தார். அவள் தாயை ஒருவன் தாக்கிக்கொண்டிருந்தான் என்பது பின்னர் தெரியவந்தது.

பிரிட்டனில் வேறொரு முறை கையாளப்படுகிறது. கைபேசியில் 999ஐ அழைத்துப் பேச இயலாதவரை முதலில் இருமச் சொல்வர், அல்லது கருவியைத் தட்டச் சொல்வர். ஓசை ஏதும் எழாவிடின், 55 என்னும் எண்களை அழுத்துமாறு ஒரு குரல் கூறும். அழுத்தினால் அழைப்பு போலீசிடம் சேரும். அழுத்தாவிடின் முடிக்கப்படும். இம்முறை 2002 முதல் நடைமுறையில் இருந்தும், பலர் இதனை அறிந்திலர். எண்ணை அழைத்து மௌனமாக இருந்தாலே காவலர் வந்துவிடுவர் என்று நம்பினர். அந்த நம்பிக்கையால் உயிர் போன நிகழ்ச்சியும் உண்டு. அதன் பின்னரே இம்முறையை மக்களுக்கு எடுத்துரைக்கும் இயக்கம் 2019இல் நடத்தப்பட்டது. விதி இருப்பது வேறு, அதனை மக்கள் அறிந்திருப்பது வேறு என்பதற்கு இது தக்க சான்று.

இனி, வண்டி வீட்டு வாயிலை அடைந்துவிட்டது எனக் கொள்வோம். உண்மையில் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவரே. ‘குழந்தை அழுத்திவிட்டது, ஐயா’ என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். பொய்யாயின், காவலர் திரும்பிய மறுகணம் உள்ளே என்ன நடக்கும்? பாண்டியனின் இரண்டாவது அச்சம் இங்கே நினைக்கத்தக்கது. ‘உங்கள் மனைவிதான் அழைத்தாரா?’ என்று கணவனிடமே வினவும் காவலர், அறியாமையால் அவளைக் காட்டிக் கொடுத்தவராகிறார். தேர்ந்த காவலர் அழைத்தவர் பெயரைச் சொல்லார். இவ்வீட்டு எண்ணிலிருந்து ஓர் அழைப்பு முறிந்தது, உள்ளோர் யாவரும் நலமா என்று கண்டு செல்ல வந்தோம் என்பார். ஒவ்வொருவரையும் கண்ணால் காண்பார். பெண்ணைத் தனியே, இயலுமாயின் பெண் காவலர் வாயிலாக, இரண்டு சொல் கேட்பார். குழந்தைகள் எங்கே என்று பார்ப்பார். கவிழ்ந்த நாற்காலி, உடைந்த வளையல், அழுது சிவந்த கண் ஆகியவை அவர் கேட்கும் வினாக்களுக்கு முன்பே விடை சொல்லிவிடும்.

இவ்வளவும் கருணையினால் மட்டும் செய்யவேண்டியவை அல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 5ஆம் பிரிவின்படி, புகாரைப் பெற்ற போலீஸ் அதிகாரி மட்டுமன்றி, வன்முறை நிகழ்ந்த இடத்தில் இருக்க நேர்ந்த அதிகாரியும், பாதுகாப்பு ஆணை கோரும் உரிமை, இலவசச் சட்ட உதவி, பாதுகாப்பு அலுவலரின் துணை முதலியவற்றை அப்பெண்ணுக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். ‘இது குடும்ப விவகாரம்’ என்று திரும்பிச் செல்ல அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை. அப்படித் திரும்பியவர்களின் கதையும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து டாரிங்டன் நகரில், கணவனால் அச்சுறுத்தப்பட்ட ஒரு பெண் பலமுறை முறையிட்டும் போலீசார் பொருட்படுத்தவில்லை. 1983 ஜூன் மாதம் அவள் அழைத்து ஏறத்தாழ 25 நிமிடங்கள் கழித்தே ஒரு காவலர் வந்தார். அதற்குள் அவள் கத்திக்குத்துக்கு ஆளானாள். உயிர் பிழைத்த அப்பெண் தொடுத்த வழக்கில், கணவன் அடித்தான் என்பதற்காக ஒரு பெண்ணுக்குரிய காவலைக் குறைத்துத் தரலாகாது என்று 1984இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கதவு திறக்கப்படாவிட்டால்? முதலில் அண்டை வீட்டாரை வினவுவர். சுற்றி வந்து சன்னல் வழியே நோக்குவர். அந்த எண்ணை மீண்டும் அழைத்து, உள்ளே மணி ஒலிக்கிறதா என்று கேட்பர். உள்ளிருந்து முனகல் கேட்டால் நிலைமை வேறாகிவிடும். பிடிக்கத்தக்க குற்றம் நிகழாமல் தன்னால் இயன்றவரை தடுப்பது ஒவ்வொரு போலீஸ் அதிகாரியின் கடமை என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு அதனையே கூறுகிறது. பெருந்தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சிறுதீங்கு குற்றமாகாது என்னும் கொள்கை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே உண்டு. நெருப்புப் பரவாமலிருக்க அண்டை வீட்டை இடிப்பவரை அச்சட்டம் எடுத்துக்காட்டாகக் காட்டியது. உயிரைக் காக்கத் தாழ்ப்பாளை உடைப்பவருக்கும் அந்நியாயம் பொருந்துமன்றோ?

ஆயினும், இந்தத் தாழ்ப்பாள் எளிதில் உடையலாகாது. காவலர் இரவில் கதவைத் தட்டுவதன் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். உத்தரப் பிரதேசத்தில், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்து, நள்ளிரவில் காவலர் சென்று கதவைத் தட்டி எழுப்பி வந்தனர். 1962 டிசம்பரில் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய இரவுநேர வீட்டு வருகை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்பதை 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு நிலைநாட்டியது. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றமும், கண்காணிப்பு என்னும் பெயரால் சந்தேகத்துக்குரியவர் அல்லது பழங்குற்றவாளி எனப்படுவோரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டக் காவலருக்கு உரிமை இல்லை என்று கூறியது.

இவ்விரண்டு தட்டல்களையும் பிரித்தறிவது எங்ஙனம்? கண்காணிக்கும் தட்டல் காவலரின் ஐயத்திலிருந்து பிறக்கிறது. அதற்கு முடிவும் இல்லை. நாளை மீண்டும் வரும். உதவிக்கு வரும் தட்டலோ, அவ்வீட்டிலிருந்தே சென்ற ஓர் அழைப்பிலிருந்து பிறக்கிறது. உள்ளோர் யாவரும் நலம் என்று கண்ணால் கண்டவுடன் முடிகிறது. நலம் விசாரிக்க நுழைந்தவர் அலமாரியைத் துழாவத் தொடங்கினால், முதல் தட்டல் இரண்டாவதாக மாறிவிடும். இந்த எல்லையைக் காவலர் காத்தால்தான் மக்கள் அஞ்சாமல் அழைப்பர். அழைத்தால் வீட்டுக்குள் போலீஸ் புகுந்துவிடும் என்னும் அச்சம் பரவினால், மெய்யான ஆபத்திலும் கை அந்த எண்ணை நாடாது.

திருவனந்தபுரத்தில் இதற்கோர் உள்ளூர்ப் பின்னணி உண்டு. கரமனையிலும் வலியசாலையிலும் தமிழர் வாழ்ந்த பழைய தெருக்களில் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தது. ஓர் இல்லத்துக் கூக்குரல் மற்றோர் இல்லத்துக்குக் கேட்டது. தெருவே கட்டுப்பாட்டு அறையாக இருந்தது எனலாம். இன்று மதிற்சுவர்களும் அடுக்குமாடிகளும் பெருகின. பிள்ளைகள் வெளிநாடு சென்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரள மக்களுள் 60 வயது நிரம்பியோர் நூற்றுக்கு 12.6 பேர். நாடு முழுவதற்கும் இது 8.6 ஆகும். பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவரின் முறிந்த அழைப்பைக் கேட்க அண்டை வீட்டுக் காது இல்லை.

இக்குறையை நிரப்பக் கேரளத்தில் சில முயற்சிகள் செய்யப்பட்டுள்ளன. 1973இல் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டம், வட்டாரக் காவலர் தம் எல்லையிலுள்ள குடும்பங்களை நேரில் சென்று அறிந்திருக்கவேண்டும் என்றது. 2017இல் பெண்களுக்கென 181 என்னும் ‘மித்ரா’ உதவி எண் வந்தது. இவற்றுள் ஜனமைத்ரியின் கருத்து நம் பொருளோடு மிக நெருங்கியது. முன்பே வீட்டாரை அறிந்த காவலருக்கு, அவ்வீட்டிலிருந்து வரும் மௌனமும் புரியும்.

எல்லைப்புறத்தாருக்கும் ஒரு சொல். 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. களியக்காவிளைப் பக்கத்தில் எந்தக் கோபுரம் அழைப்பை ஏற்கிறதோ, அந்த மாநிலத்து அறைக்கே அது செல்லக்கூடும். ஆதலின், அங்குள்ளோர் பேச முடிந்தால் முதற்சொல்லாக ஊர்ப்பெயரையும் மாநிலத்தையும் சொல்லுதல் நன்று.

இறுதியாக, நேயர்கள் மனத்திற் கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம். தவறி 112ஐ அழைத்துவிட்டால் வெட்கப்பட்டுத் துண்டிக்காதீர்கள். தவறு என்று ஒரு சொல் சொல்லுங்கள். திரும்ப அழைத்தால் எடுங்கள். அந்த ஒரு சொல் ஒரு வண்டியை வேறோர் உயிருக்கு மிச்சப்படுத்தும். வேண்டுமென்றே பொய் எச்சரிக்கை தருவது 2011ஆம் ஆண்டுக் கேரளப் போலீஸ் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. தவறி அழுத்துவதோ குற்றமன்று. பேச இயலாத நிலையில் இருப்பவர், தொடர்பைத் துண்டிக்காமல் கருவியைத் திறந்தபடி வைப்பதும், இருமுவதும், தட்டுவதும் உதவும். காவலர் வாயிலுக்கு வந்து, யாவரும் நலமா என்று கேட்டால், அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல் அனைவரும் முன்வந்து நில்லுங்கள். அண்டை வீட்டில் காவலர் வந்து போனதைக் கண்டால், வம்பு பேசாமல் மறுநாள் அவ்வீட்டுப் பெண்ணிடம் நலம் கேளுங்கள். பேச்சற்ற அழைப்பைக் கேட்கும் கடமை கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் உரியதன்று. மதிலுக்கு இப்பாலுள்ள நமக்கும் அதில் பங்கு உண்டு.